இருபத்திரண்டு அங்குலம்

என் தங்கை காளியாயி ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் மாவட்டத்தில் பள்ளிச் சீருடைக்கு அளவெடுக்கும் படிவத்தில் இப்போது "சென்ற ஆண்டு அளவு" என்று ஒரு கட்டம் புதிதாக இருக்கிறது. அவள் கேட்டு வந்த கட்டம் அது. ஒரு பிள்ளையின் மார்பளவு சென்ற ஆண்டைவிடக் குறைந்திருந்தால் அந்த எண்ணை யாரும் மாற்றக் கூடாது. அளவெடுத்தவரும் தலைமை ஆசிரியரும் சேர்ந்து மூன்று நாளுக்குள் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து ஒருவர் ஏழு நாளுக்குள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இதுவும் அவள் கேட்டதுதான். பள்ளி திறந்த இரண்டாம் வாரத்துக்குள் அளவெடுத்து முடிக்க வேண்டும் என்பது மூன்றாவது. கோடை விடுமுறையில் சத்துணவு கிடையாது, வீட்டில் சோறு போடாத பிள்ளை அந்த ஒன்றரை மாதத்தில்தான் இளைக்கும் என்று அவள் சொன்ன காரணத்தைச் சுற்றறிக்கையில் அப்படியே போட்டிருக்கிறார்கள். சுற்றறிக்கை 2025 மே மாதம் வந்தது.

அடுத்த மாதமே ஐந்து பள்ளிகளில் புதிய முறைப்படி அளவெடுத்தார்கள். எழுநூற்று நாற்பத்தாறு பிள்ளைகள். அதில் பதினொரு பேருக்கு அளவு குறைந்திருந்தது. ஏழு பேருக்குக் காரணம் நோய், அல்லது வீட்டில் வறுமை. நான்கு பேர் வீட்டிலேயே அடியும் பட்டினியுமாக இருந்தவர்கள். அந்த நால்வரும் இன்று பாதுகாப்பான வேறு இடத்தில் இருக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள்.

அவளுக்கு எதிராக இருந்தவற்றையும் எழுத வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. கணவர் இல்லை. அவள் கேட்பது எந்தத் துறையின் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு துறை இன்னொரு துறைக்கு அனுப்பியது, அந்தத் துறை மூன்றாவதுக்கு அனுப்பியது. மூன்றாவது இடத்தில் ஒருவர், சட்டை தைக்கிறவங்க சட்டையைப் பத்திப் பேசுங்கம்மா என்றார். பதினைந்து மாதத்தில் பதினேழு மனு கொடுத்தாள். பதினேழையும் எழுதியவன் நான் என்பதால் எண்ணிக்கையில் தவறில்லை.

இவை எல்லாமே கேத்தரின் என்ற பிள்ளை செத்த பிறகு கிடைத்தவை. அதனால் யாராவது வெற்றி என்ற சொல்லை அவள் காதில் போட்டால் காளியாயி எழுந்து போய்விடுவாள். நான் அவளுக்கு அண்ணன். நான் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் ஊர் மணப்பாறைக்கு மேற்கே இருக்கிறது. நான் எட்டாவது வரை போனேன். இப்போது மன்னார்புரத்தில் ஒரு மரக்கடையில் கட்டைகளுக்கு அளவு எழுதுகிறேன். காளியாயி என்னைவிட ஆறு வயது சிறியவள். அவளுக்கு எண்கள் வரும். எழுத்து ஒட்டவே இல்லை. திருவானைக்காவலில் வீரமலைக்குக் கட்டிக் கொடுத்தோம். மூட்டை தூக்கும் வேலை அவருக்கு. 2011இல் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். மகன் சரத்குமாரை ஐ.டி.ஐ. படிக்க வைத்தது அவளுடைய தையல் மெஷின்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையைப் பெண்கள் தையல் சங்கங்கள் தைக்கின்றன. அவள் அப்படி ஒரு சங்கத்தில் இருந்தாள். துணி சங்கத்துக்கு வரும். பெண்கள் பள்ளிக்குப் போய் அளவெடுப்பார்கள், வெட்டுவார்கள், தைப்பார்கள். காளியாயிக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளி. நூற்று முப்பது பிள்ளைகள்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அளவெடுக்கப் போகும்போது சென்ற ஆண்டுப் பட்டியலின் நகல் கையில் இருக்கும். பல பெண்கள் டேப்பையே எடுக்க மாட்டார்கள். பழைய எண்ணுடன் ஓர் அங்குலம் கூட்டி எழுதிவிட்டு மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வளரும் பிள்ளைகள், கூட்டினால் தப்பில்லை என்பது கணக்கு. சட்டை சிறியதாகப் போனால் திரும்பி வரும். பெரியதாக இருந்தால் எந்தத் தாயும் திருப்பி அனுப்ப மாட்டாள். அதனால், அளந்து பார்த்துப் பழைய எண்ணைவிடக் குறைவாக வந்தால், டேப்பைப் பிடித்ததில் தவறு என்று எடுத்துக்கொண்டு பழைய எண்ணுடன் ஒன்று கூட்டிப் போட்டுவிடுவார்கள். காய்ந்தால் மரம் சுருங்கும், அதற்கு விட்டு எழுதுவது என் தொழில். பிள்ளை சுருங்கும் என்று அவர்கள் யாரும் நினைத்ததில்லை.

காளியாயி ஒவ்வொரு பிள்ளையையும் அளப்பாள். டேப்புக்குள் இரண்டு விரல் விட்டு, பிள்ளையை மூச்சு விடச் சொல்லி, மறுபடி ஒருமுறை பார்ப்பாள். ஒரு பள்ளிக்கு மூன்று நாள் ஆகும். கூட வரும் பெண்கள் கேலி செய்வார்கள்.

"ஏங்க்கா, சட்டைக்கு அளக்குறியா, பொண்ணு பாக்க வந்திருக்கியா?"

அவள் சிரித்துக்கொண்டே அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவாள். அளவை முதலில் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பென்சிலால் எழுதுவாள். பிள்ளையின் வரிசை எண், அதற்கு நேராக அளவு. அந்த நோட்டைப் பார்த்துப் படிவத்தில் எழுதித் தருவது நான்.

2023 ஜூனில் நான்காம் வகுப்பை அளந்தபோது பதினாறாவதாக வந்தவள் கேத்தரின். எட்டு வயது முடிந்திருந்தது. தகப்பன் எங்கிருக்கிறான் என்று தெரியாது. தாய் குவைத்தில் வீட்டு வேலை. தகப்பனின் அக்கா லிசியின் வீட்டில், திருவானைக்காவலில் இருந்தாள். காளியாயி பிறகு எனக்குச் சொன்னதை வைத்து எழுதுகிறேன். டேப்பை முதுகுப் பக்கம் கொண்டுபோனதும் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்திருக்கிறாள். என்னடி என்று கேட்டதற்கு, கூச்சம் என்றாளாம். டேப்பில் இருபத்திரண்டு வந்தது. சென்ற ஆண்டுப் பட்டியலில் இருபத்துநான்கு. மறுபடி அளந்தாள். மறுபடியும் இருபத்திரண்டு.

நோட்டில் 22 என்று எழுதிவிட்டாள். பிறகு யோசித்திருக்கிறாள். அந்த டேப் ஆறு வருடப் பழசு. துணி டேப் இழுபட்டு நீண்டுவிட்டால் அளவு குறைத்துக் காட்டும், தையல்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். டேப்தான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தாள். அந்த வகுப்பில் வேறு யாருக்கும் குறையவில்லையே என்று அப்போது தோன்றவில்லை. 22ஐ ஒரு கோடு போட்டு அடித்து, வழக்கப்படி பழைய எண்ணுடன் ஒன்று கூட்டி, பக்கத்தில் 25 என்று எழுதினாள்.

பிள்ளை நகராமல் நின்றிருக்கிறாள்.

"ஆன்ட்டி, எனக்கு மட்டும் கை நீளமா வச்சுத் தர முடியுமா?"

"கலெக்டர் ஆனதும் முழுக்கை போட்டுக்கலாம். இப்போ அரைக்கைதான். போ, அடுத்த ஆள வரச் சொல்லு."

அவ்வளவுதான் நடந்தது. அரை நிமிடம் இருக்கலாம்.

ஏழு வாரம் கழித்து, ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை, கேத்தரின் இறந்தாள். காய்ச்சல் என்று சொல்லி நான்கு நாள் வீட்டிலேயே போட்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. எடை பதினான்கு கிலோ. முதுகிலும் மேல் கையிலும் ஆறியதும் ஆறாததுமாகச் சூட்டுத் தழும்புகள். சட்டைக்கு வெளியே தெரிகிற இடத்தில் ஒன்றுகூட இல்லை. அரைக்கை முடிகிற இடத்துக்கு மேலேயே எல்லாம் நின்றிருந்தன, கையைத் தூக்கினால்தான் தெரியும்.

தாய் குவைத்திலிருந்து வந்து சேர நான்கு நாள் ஆயிற்று. அந்த வாரம்தான் புதுச் சீருடைகள் பள்ளிக்குப் போயிருந்தன. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும் என்பதால், அடக்கத்துக்கு அந்தச் சீருடையையே போடட்டும் என்று தலைமை ஆசிரியை அவளுடைய பங்கை எடுத்துக் கொடுத்தார். நான்கு நாள் கழித்து அந்தத் தாய் விசாரித்துக்கொண்டு காளியாயியின் வீட்டுக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. வாசலில் நின்று ஒன்றை மட்டும் கேட்டார்.

"எம் புள்ளைக்கு அது தொளதொளன்னு கெடந்துச்சுங்க. யாரு அளவுக்குத் தைச்சீங்க?"

காளியாயி பாயை எடுத்து விரித்தாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். அவர் வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மரக்கடைக்கு விடுமுறை, ஆனால் ஒரு லோடு வந்திருந்ததால் நான் போயிருந்தேன். மதியம் காளியாயி வந்தாள். பையிலிருந்து அந்தப் பழைய டேப்பை எடுத்தாள். ஸ்டீல் ஸ்கேலைக் கொடு அண்ணே என்றாள். மரம் அளக்கிற இரும்பு ஸ்கேலைப் பலகைமேல் வைத்தேன். அவள் டேப்பை அதன்மேல் நீட்டிப் பிடித்தாள். ஒன்று, பத்து, இருபத்திரண்டு, அறுபது. ஒவ்வொரு கோடும் கோட்டின்மேல் உட்கார்ந்தது. நூலளவுகூட டேப் நீளவில்லை.

ஒரு கட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள், சுருட்டி முடித்து மறுபடி பிரித்தாள்.

"டேப்பு சரியாத்தான் சொல்லியிருக்கு. நாந்தான் பொய்யின்னுட்டேன்."

அதுவரை நடந்தது தவறு. அதன் பிறகு நடந்ததுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. போலீஸ் லிசியைக் கைது செய்தது. லிசியின் வக்கீல் பள்ளியிலிருந்து ஒரு காகிதத்தை வாங்கினார். அது நான் எழுதிய அளவுப் படிவம். 2022 ஜூலையில் மார்பளவு 24, 2023 ஜூனில் 25. பிள்ளை சாவதற்கு ஏழு வாரம் முன்பு ஓர் அங்குலம் வளர்ந்திருக்கிறாள், பட்டினி போட்டால் வளருமா, கடைசிக் காய்ச்சலில்தான் எடை இறங்கியது, தழும்புகள் அக்கி என்று அவர் வாதாடினார். லிசிக்கு ஜாமீன் கிடைத்தது. அதே வீட்டில் லிசியின் கணவருடைய தம்பி பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள்.

பள்ளிகளில் இப்படி ஒன்று தெரியாமல் போனது எப்படி என்று பார்க்க மாவட்டத்தில் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தார்கள். ஓர் அதிகாரி அம்மா, ஒரு டாக்டர், ஒரு வக்கீல். அவர்களும் அந்தப் படிவத்தைப் பார்த்தார்கள். வளர்ச்சியில் குறை இல்லை, பள்ளி கவனிக்கத் தவறியதாகச் சொல்ல முடியாது என்று முதல் குறிப்பை எழுதிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

அந்தப் படிவம் பொய் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். அவளும் நானும். அதை நிரூபிக்க இருந்தது அந்த நாற்பது பக்க நோட்டு. அடித்த கோட்டுக்குக் கீழே 22 நன்றாகவே தெரிந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு போனால் பொய்க் கணக்கு எழுதியவள் என்று சங்கத்திலிருந்து நீக்குவார்கள். வழக்கும் வரலாம். போகாவிட்டால் கேத்தரின் வளர்ந்துகொண்டிருந்த பிள்ளையாகவே காகிதத்தில் இருப்பாள்.

சங்கத்தின் செயலாளர் பானுமதி வீட்டுக்கே வந்தார். கெட்டவர் என்று எழுத மாட்டேன். நாற்பது பெண்களின் பிழைப்பு அவர் கையில் இருந்தது. ஒரு பள்ளியில் அளவு பொய் என்று தெரிந்தால் எல்லாப் பள்ளியையும் தோண்டுவார்கள், அடுத்த வருட ஆர்டர் வெளியே போய்விடும் என்றார்.

"அந்த நோட்ட வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்கக்கா? பழைய பேப்பருக்குப் போட்டா எட்டணா வராது. அடுப்புல போடுங்க, எல்லாரும் சோறு திங்கலாம்."

தலைமை ஆசிரியை பூமா டீச்சரையும் காளியாயி போய்ப் பார்த்தாள். ஸ்ரீரங்கத்துக்காரர், கோவில் கைங்கரியக் குடும்பம். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. அவர் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். தான் அந்தப் பிள்ளையைத் தினமும் பிரேயரில் பார்த்ததாகவும், ஒல்லியான வாகு என்றுதான் நினைத்ததாகவும் சொன்னார். பிறகு, "நீங்க போய்ச் சொன்னா அந்தக் கொழந்தை திரும்பி வந்துடுமா, சொல்லுங்கோ. பெருமாள் பாத்துப்பர். நீங்க உங்களக் காப்பாத்திக்கோங்கோ" என்றார்.

என்னையும் எழுத வேண்டும், மறைத்தால் இது சரியான கணக்கு ஆகாது. நானும் போகாதே என்றுதான் சொன்னேன். சரத்குமாருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம், கோர்ட்டு கேஸு என்றால் யார் கொடுப்பார்கள் என்றேன். நாம் மட்டுமா அப்படி எழுதினோம், ஊரே எழுதுகிறது என்றேன்.

"ஊரே எழுதுதுன்னுதான் அண்ணே பயமா இருக்கு" என்றாள். "எத்தனை புள்ளைய அடிச்சுட்டு எழுதியிருக்காங்களோ."

அதன் பிறகு ஐந்து மாதம் அவள் அதைப் பேசவில்லை. ஆனால் வேறொன்று செய்துகொண்டிருந்தாள். வீட்டில் 2016 முதல் வைத்திருந்த அளவு நோட்டுகள் எட்டு இருந்தன. எட்டையும் எடுத்து, அடித்த எண்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடினாள். கேத்தரினைத் தவிர, எட்டு வருடத்தில் அவள் அப்படி அடித்தது பதினான்கு. வரிசை எண்ணை வைத்துப் பள்ளிப் பதிவில் பெயரைக் கண்டுபிடிக்கச் சொன்னாள். பூமா டீச்சர் தலையைத் தூக்காமல் பதிவேட்டைத் திறந்து கொடுத்தார். பதினான்கு பேரில் ஒன்பது பேரை நானும் அவளும் தேடிப் போய்ப் பார்த்தோம். ஆறு பேர் நன்றாக இருந்தார்கள், அம்மை, டைஃபாய்டு என்று ஏதோ வந்து போயிருக்கிறது. இரண்டு பேர் பள்ளியை விட்டு மணப்பாறைப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு பையன் எட்டாவது படிக்கிறான். இளைய தாய் வீட்டில் தனித் தட்டு, தனி இடம். அவன் காளியாயியை அடையாளம் கண்டு, டேப் ஆன்ட்டி என்றான். அவனுக்காகக் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தோம். அவனை அங்கிருந்து பாட்டி வீட்டுக்கு மாற்றினார்கள். மற்ற ஐந்து பேர் ஊர் மாறிவிட்டார்கள், தெரியவில்லை.

அந்தப் பையனைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் விசாரணைக் குழுவுக்கு நேரம் கேட்டு எழுது என்றாள். என்ன எழுத வேண்டும் என்று ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். தன் தவறு முதலில். படிவத்தில் என்ன மாற்ற வேண்டும் என்பது அதற்குப் பிறகு. வரிசையை மாற்றிப் போடலாம், கோரிக்கையை முன்னால் வைத்தால் மரியாதையாக இருக்கும் என்றேன்.

"தப்பச் சொல்லாம சட்டம் கேட்டா, யாரோ ஒருத்தி பேசுறான்னு வச்சுருவாங்க. எழுது."

2024 பிப்ரவரி 7, புதன்கிழமை, கலெக்டர் அலுவலக வளாகத்தில் இரண்டாம் மாடி அறை. நானும் உடன் போனேன், பின்னால் உட்கார வைத்தார்கள். லிசி சார்பில் வக்கீல் வந்திருந்தார். பானுமதியும் பூமா டீச்சரும் இருந்தார்கள். காளியாயி நோட்டை மேசையில் வைத்து, அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினாள். டேப்பையும் வைத்தாள். நடந்ததை நான் மேலே எழுதிய மாதிரியே சொன்னாள், கூட்டவில்லை, குறைக்கவில்லை. கை நீளமாக வைத்துத் தரக் கேட்டதைச் சொன்னபோது மட்டும் நிறுத்தி, தண்ணீர் கேட்டாள்.

டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். அளவு குறைந்ததை அப்போதே எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று.

"ஒண்ணும் நடந்திருக்காதுங்க. எழுதுனா யாருகிட்ட குடுக்குறதுன்னு யாருக்கும் தெரியாது. அதத்தான் நீங்க இப்போ சொல்லணும்னு வந்திருக்கேன்."

இங்கே நிறுத்தி, பின்னால் நடந்தவற்றை எழுதிவிடுகிறேன். அந்த மாதக் கடைசியில் சங்கம் அவளை நீக்கியது. உடன் வேலை செய்த பெண்களில் பாதிப் பேர் தெருவில் முகம் திருப்பிக்கொண்டார்கள். சரத்குமாருக்குப் பேசிவைத்த இடம் விலகியது. அவள்மேல் வழக்குப் போடவில்லை, எச்சரிக்கை மட்டும் கொடுத்தார்கள். நோட்டு கோர்ட்டுக்குப் போனது. லிசியின் ஜாமீன் ரத்தானது. வழக்கு இன்னும் நடக்கிறது, தீர்ப்பு என்னவாகும் என்று தெரியாது. அந்த வீட்டிலிருந்த இரண்டு பிள்ளைகளையும் அவர்களுடைய தாய் வந்து அழைத்துப் போனார். கேத்தரினின் தாய் திரும்பக் குவைத்துக்குப் போகவில்லை. பதினேழு மனுவில் ஆறாவது மனுவிலிருந்து அவரும் காளியாயியோடு திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்துக்கு வந்து வரிசையில் நின்றார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒருவருக்கு ஒருவர் டீ வாங்கிக் கொடுப்பார்கள். சங்கத்தில் வேலை போன பிறகு காளியாயி வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். பிள்ளைகளுக்குத் தைப்பதில்லை.

இனி அந்த அறைக்கு வருகிறேன். அவள் சொல்லி முடித்ததும் லிசியின் வக்கீல் எழுந்தார். இந்தப் பெண் சொல்வதை எப்படி நம்புவது என்றார். சங்கத்தின் பழைய பதிவேடுகள் எல்லாவற்றையும் அவர் வாங்கிப் பார்த்திருக்கிறார். 2016 முதல் 2022 வரை ஒவ்வொரு படிவத்திலும் காளியாயி என்ற பெயருக்கு நேராக இடது கைப் பெருவிரல் ரேகைதான் இருக்கிறது. இந்த ஒரு படிவத்தில் மட்டும் கையெழுத்து இருக்கிறது. எழுத்தறியாத ஒருவர் பெயரில் வேறு யாரோ போட்ட கையெழுத்து இது, ஆகவே அளவெடுத்தவர் இவரா என்பதே சந்தேகம், நோட்டையும் ஏற்க முடியாது என்றார்.

பானுமதி சட்டென்று நிமிர்ந்தார். அவருக்கு அது தப்பிக்க ஒரு வழியாகத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது, ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்தக் கையெழுத்து என்னுடையதில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய் எழுதியது யாரோ ஒருவர் என்றாகிவிடும். சங்கமும் அவளை நீக்க முடியாது. பிள்ளைதான் மறுபடி ஓர் அங்குலம் வளர்ந்துவிடுவாள்.

அதிகாரி அம்மா படிவத்தைத் தூக்கிப் பார்த்தார். தன்மையாகவே பேசினார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இது உங்க கையெழுத்து இல்லேன்னா, இதுக்கு நீங்க பொறுப்பில்ல. யாரும் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உங்களுதுதானா?"

காளியாயி அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

2023 ஏப்ரல், மே இரண்டு மாதமும் சாயங்காலம் நான் அவள் வீட்டுக்குப் போய், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் பெயரின் நான்கு எழுத்தையும் எழுதிக் காட்டினேன். பெருவிரலில் மை தொட்டது போதும், வயது ஐம்பதை நெருங்குகிறது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கா என்ற எழுத்தின் கால் அவளுக்குத் தள்ளிப் போய் நின்றுவிடும். படிவத்திலும் அது தள்ளித்தான் நின்றது. அன்று அதைப் போட்டுவிட்டு வந்தபோது என் வீட்டில் கேசரி கிண்டினோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"என்னுதுதாங்கம்மா" என்றாள். "எங்கண்ணன் சொல்லிக் குடுத்தது. அதுக்கு முன்னாடி கைநாட்டுதான். வேணும்னா ஒரு வெள்ளத் தாள் குடுங்க, போட்டுக் காட்டுறேன்."

தாள் கொடுத்தார்கள். போட்டாள். கால் தள்ளி நின்றது. டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி அம்மா வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்தவரிடம் திரும்பி, இதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது இந்தப் படிவத்தில்தான் என்று எழுதி, அது என்று என்பதையும் அவர் வாயாலேயே கேட்டுப் போடுங்கள் என்றார்.

எழுதுகிறவர் கேட்டார். காளியாயி படிவத்தைப் பார்க்காமலே சொன்னாள். இருபதாம் தேதி, ஆறாம் மாதம், இரண்டாயிரத்து இருபத்து மூன்று, செவ்வாய்க்கிழமை.